கேக் கைக்கு வந்தது, போனஸ் எங்கே போனது?

டிசம்பர் பிறந்துவிட்டால் உழவர்கரையின் வீதிகளில் நட்சத்திர விளக்குகள் தொங்கத் தொடங்கிவிடும். ரெட்டியார்பாளையம் பேக்கரிகளில் பிளம் கேக் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும், தனியார் பள்ளிகளிலும், மருத்துவமனைகளிலும், ஐ.டி. அலுவலகங்களிலும் ‘கிறிஸ்துமஸ் கொண்டாட்டம்’ நடக்கும். குடில் வைப்பார்கள், கேக் வெட்டுவார்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். மத வேறுபாடு பாராத கொண்டாட்டம் என்று நிர்வாகம் பெருமைப்பட்டுக்கொள்ளும்.

அந்தக் கொண்டாட்டத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள் தோழர்களே. நிரந்தர ஊழியருக்கு வங்கிக் கணக்கில் போனஸ் ஏறியிருக்கும். கூடவே பரிசுக் கூப்பனும் முந்திரி, உலர்பழப் பெட்டியும் இருக்கும். அடுத்த படியில் இருப்பவருக்கு அரைக் கிலோ கேக் பெட்டி. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஹவுஸ்கீப்பிங் அக்காவுக்கும், கழிப்பறை கழுவும் அண்ணனுக்கும், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஐயாவுக்கும் காகிதத் தட்டில் ஒரு துண்டு. அதையும் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். விழா முடிந்ததும் கீழே சிந்திய கிரீமைத் துடைக்க வேண்டியவர்களும் அவர்களே.

இது வெறும் சம்பளப் படிநிலை என்று சொல்வார்கள். வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்து, மேலிருந்து கீழாக அவரவர் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள் என்று விசாரித்தால் ஊரும் சேரியும் எங்கே பிரிகின்றன என்பது அந்தப் பதிவேட்டிலேயே தெரியும். கழிவுநீர்க் குழாய், மலக்குழிப் பணியாளர்களை ஒன்றிய அரசே கணக்கெடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பட்டியல் சாதியினர் என்று தெரிந்தது. ஆகவே கேக்கை யாருக்கு எவ்வளவு வெட்டுவது என்பதும் நமக்குச் சாதிப் பிரச்சினைதான்.

நாம் சொல்ல வருவது இதுதான்: பரிசு என்பது கொடுப்பவர் நினைத்தால் நிறுத்திவிடக் கூடியது. கூலி அப்படியல்ல. கூலியில் சேர வேண்டிய ஒன்றைப் பரிசாக மாற்றிவிட்டால், வாங்குகிறவர் நன்றி சொல்ல வேண்டியவராகி விடுகிறார். கேள்வி கேட்க வேண்டியவரின் வாயை அந்த நன்றி அடைத்துவிடுகிறது. தலித் உழைப்பாளிகள் விஷயத்தில் இந்த மாற்றம் நேற்று தொடங்கியதல்ல.

இனாம் என்னும் பழைய தந்திரம்

உழவரின் பெயரைத் தாங்கிய ஊர் நம்முடையது. வயல்கள் மனைகளாகி, மனைகள் நகர்களாகிவிட்டன. வயலில் இருந்த ஒரு பழக்கம் மட்டும் நகர்களுக்குள் அப்படியே குடியேறிவிட்டது. பண்ணையில் உழைத்தவனுக்கு அறுவடையில் களத்துமேட்டு நெல், பொங்கலுக்கு ஒரு வேட்டி, தீபாவளிக்கு ஒரு துண்டு. சாவு சேதி சொன்னவனுக்கும், பறை அடித்தவனுக்கும், செத்த மாட்டைத் தூக்கியவனுக்கும் படி அரிசி. இவை எல்லாம் செய்த வேலைக்கான கூலி. ஆனால் பெயர் மட்டும் இனாம். கைநீட்டி, குனிந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்க வேண்டியது. கூலி என்று பெயரிட்டால் அளவு சொல்ல வேண்டும், குறைந்தால் கேட்பார்கள். இனாம் என்று பெயரிட்டால் அளவும் இல்லை, கேள்வியும் இல்லை.

இன்று தீபாவளிக்கும் கிறிஸ்துமஸ் - புத்தாண்டுக்கும் வீடு வீடாகப் போய்க் காசு கேட்கும் தூய்மைப் பணியாளரைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் நம் குப்பையை அள்ளியவர், ஒரு நாள் வாசலில் நின்று ஐம்பதோ நூறோ கேட்கிறார். ‘சம்பளம்தான் வாங்குகிறார்களே, எதற்கு இது?’ என்று முணுமுணுக்கும் நடுத்தர வர்க்கம், அந்தச் சம்பளம் எவ்வளவு, அதில் போனஸ் உண்டா என்று ஒருபோதும் கேட்டதில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குப் பண்டிகைக்கு ஒரு புடவை கொடுத்துவிட்டு ‘எங்கள் வீட்டுப் பெண் மாதிரி’ என்கிறார்கள். வீட்டுப் பெண்ணுக்கு விடுப்பு எடுத்த நாளுக்குச் சம்பளம் பிடிப்பார்களா என்ன?

டிசம்பர் 25இன் இன்னொரு பக்கம்

நமக்கு டிசம்பர் 25 கிறிஸ்து பிறந்த நாள் மட்டுமல்ல. 1927இல் அதே நாளில் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. 1968இல் அதே நாள் இரவில், நம் காரைக்காலுக்கு அருகிலுள்ள கீழ்வெண்மணியில், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அவர்கள் கேட்டது என்ன? கூலியில் கொஞ்சம் கூடுதல் நெல். அரைப்படி என்று இன்றும் நம் மக்கள் நினைவில் நிற்கும் அளவு.

அதே மிராசுதார்கள் பொங்கலுக்கு வேட்டி கொடுக்க மறுத்தவர்கள் அல்லர். கொடையாகக் கொடுப்பதில் அவர்களுக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. சங்கம் கட்டி, செங்கொடி ஏற்றி, இவ்வளவு கூலி எங்கள் உரிமை என்று அளவு சொல்லிக் கேட்டதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. கையேந்தினால் வேட்டி, நிமிர்ந்து கேட்டால் நெருப்பு. கிறிஸ்துமஸ் பரிசு பற்றிப் பேசும்போது வெண்மணியை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு நம் பதில் இதுதான். கொடைக்கும் உரிமைக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை இந்த நாட்டில் அந்த இரவைவிடத் தெளிவாக எதுவும் சொன்னதில்லை.

பரிசு உரிமையான கதை

போனஸும் முதலில் பரிசாகத்தான் வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் கொழுத்த லாபம் பார்த்த பம்பாய் பஞ்சாலை முதலாளிகள் தொழிலாளர்களுக்குப் போனஸ் கொடுக்கத் தொடங்கினார்கள். 1923ஆம் ஆண்டுக்கு இல்லை என்று கைவிரித்தபோது, 1924 தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விசாரிக்க அமைக்கப்பட்ட குழு என்ன சொன்னது தெரியுமா? வழக்கத்தின்படியும் சட்டத்தின்படியும் நியாயத்தின்படியும் தொழிலாளர்களுக்கு அதில் உரிமை இல்லை என்றது. கொடுத்தவர் நிறுத்தலாம் என்பதே அதன் பொருள்.

அடுத்த முப்பத்தைந்து ஆண்டுப் போராட்டம் அந்த வாதத்தைத் தலைகீழாக்கியது. கல்கத்தா நிறுவனங்களின் பூஜை போனஸ் வழக்குகளில் 1959இல் உச்ச நீதிமன்றம் வேறு ஒரு கோட்பாட்டை ஏற்றது. இடைவிடாமல், நீண்ட காலம், லாபமோ நட்டமோ பார்க்காமல் ஒரு பண்டிகை போனஸ் கொடுக்கப்பட்டு வந்திருந்தால், அது முதலாளியின் தயவு அல்ல, வழக்கத்தால் வந்த கடமை. இளைய தோழர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து கொடுக்கப்பட்ட பரிசை உரிமையாக்க வழி இருக்கிறது. அதற்கு யாராவது கணக்கு வைத்திருக்க வேண்டும், யாராவது கேட்க வேண்டும்.

1965இல் போனஸ் சட்டம் வந்தது. குறைந்தபட்சம் 4 சதவீதம். அது பிறகு 8.33 ஆனது. இந்த எண் எங்கிருந்து வந்தது? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். அதாவது பதின்மூன்றாவது மாதம். நிறுவனம் நட்டத்தில் ஓடினாலும் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம் இது. 1975 செப்டம்பரில், நெருக்கடி நிலையில் தொழிற்சங்கத் தலைவர்கள் சிறையில் கிடந்தபோது, இந்திரா காந்தி அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அதை மீண்டும் 4 சதவீதமாக வெட்டியது. நெருக்கடி நிலை ஒழிந்த பிறகு, 1977இல்தான் 8.33 திரும்பி வந்தது.

கிறிஸ்துமஸ் பரிசையே சட்டமாக்கிய நாடுகளும் உண்டு. அதே 1975இன் டிசம்பரில் பிலிப்பைன்ஸில் ஓர் ஆணை வந்தது. பதின்மூன்றாவது மாதச் சம்பளத்தை டிசம்பர் 24க்குள் தொழிலாளியின் கையில் கொடுத்தாக வேண்டும். மெக்சிகோவில் குறைந்தது 15 நாள் கூலியை டிசம்பர் 20க்கு முன் கொடுக்க வேண்டும் என்பது தொழிலாளர் சட்டம். அங்கே பண்டிகையை ஒட்டி முதலாளி கொடுப்பது தாராள மனசு அல்ல, கெடு தேதி உள்ள கடன்.

நம் ஊரிலும் கெடு தேதி உண்டு

கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் தரப்பட வேண்டும். மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள். உங்கள் அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் கேக் வெட்டும்போது அந்தக் கெடு முடிந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். காகிதத் தட்டில் கேக் வாங்கும் அக்காவுக்கு அந்த நிமிடம் நிர்வாகமோ கான்ட்ராக்டரோ கடன்பட்டிருக்கிறார். அந்த அக்கா நன்றி சொல்கிறார்.

அவர் தெரிந்துகொள்ள வேண்டியவை சிக்கலானவை அல்ல. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். ஓர் ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போதும். 2015 திருத்தப்படி மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உரிமை உண்டு. கணக்கிடும் தொகை 7,000 ரூபாய் அல்லது அந்த வேலைக்கான குறைந்தபட்ச ஊதியம், இதில் எது அதிகமோ அது. வெறும் 7,000 என்று வைத்தாலும் ஆண்டு முழுவதும் உழைத்தவருக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய் வர வேண்டும். எத்தனை கேக் பெட்டி என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பண்டிகை போனஸாக முன்பே பணம் கொடுத்திருந்தால் அதைச் சட்டப்படியான போனஸில் கழித்துக்கொள்ளச் சட்டம் முதலாளிக்கு இடம் தருகிறது. ஆனால் போனஸ் பணமாகத்தான் தரப்பட வேண்டும். புடவையையும் ஸ்வீட் பாக்ஸையும் காட்டி ‘கொடுத்துவிட்டோம்’ என்று கணக்கை முடிக்க முடியாது.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புக்குள் போய்விட்டது. 8.33 அப்படியே இருக்கிறது. ஆனால் எவ்வளவு சம்பளம் வரை உரிமை என்ற உச்சவரம்பு சட்டத்தின் வாசகத்திலிருந்து அரசின் அறிவிக்கைக்கு இறங்கிவிட்டது. நாடாளுமன்றத்தில் விவாதித்து மாற்ற வேண்டியதை இனி ஒரு அறிவிக்கையால் மாற்றலாம். 1975ஐ மறக்காதவர்கள் இதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு ஏன் கிடைப்பதில்லை? ஒரே வளாகத்தில் வேலை செய்பவர்களை இரண்டு மூன்று கான்ட்ராக்டர்கள் பெயரில் பிரித்து, ஒவ்வொருவரிடமும் இருபதுக்குக் கீழே ஆள் காட்டுவது பழைய வித்தை. சம்பளச் சீட்டே தராமல் கையில் பணம் கொடுப்பது இன்னொன்று. கேட்டால் ‘நான் கான்ட்ராக்டரிடம் சொல்கிறேன்’ என்பார் மேலாளர். கான்ட்ராக்டரிடம் போனால் ‘கம்பெனி கொடுத்தால்தானே நான் கொடுக்க முடியும்’ என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளம் காணாமல் போகும்.

உரிமை கேட்டால் சிற்றுண்டி

இது தனியார் வளாகத்தோடு முடிவதில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களைப் பணி நிரந்தரம் செய் என்று கேட்டார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. மறுநாளே தமிழக அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கு நலத்திட்டங்களை அறிவித்தது. அதில் ஒன்று இலவசக் காலை உணவு.

விடியுமுன் தெருவில் இறங்குபவருக்குச் சூடான உணவு கிடைப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது சாப்பாடு அல்ல. நிரந்தரப் பணி இருந்தால் தன் சாப்பாட்டைத் தானே வாங்கிக்கொள்வார். அரசுக்கு நன்றி சொல்லும் சுவரொட்டியில் அவர் படம் தேவைப்படாது. அதிகாரத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

புதுச்சேரிக்கு இதற்கு நேர்மாறான வரலாறும் இருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவல்படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தார்கள். வ. சுப்பையா முன்னணியில் நின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகே, 1937இல் பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. பிரிட்டிஷ் இந்தியாவில் எட்டு மணி நேரத்துக்காக அண்ணல் அம்பேத்கர், வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக 1942 முதல் 1946 வரை பாடுபட்டார். எந்த மில் முதலாளியும் எட்டு மணி நேரத்தைக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பெட்டியில் கட்டிக் கொடுக்கவில்லை.

எதன் மீது 8.33?

தொழிற்சங்கத் தோழர்களிடமும் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே சதவீதம் வாங்கிக் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா? 1928 பம்பாய் பஞ்சாலைப் போராட்டத்தின்போது அம்பேத்கர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்ப்பதில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டும், அதனால் தீட்டு என்றார்கள் சாதித் தொழிலாளிகள். குறைந்த கூலிப் பிரிவிலேயே அடைக்கப்பட்டவருக்கு எந்தச் சதவீதத்தில் போனஸ் வந்தாலும் அது குறைந்ததாகத்தானே இருக்கும்? இன்று வாயில் நூல் இல்லை. கையில் துடைப்பம் இருக்கிறது. துடைப்பம் பிடித்த கையிலிருந்து மேசைக்கு உயர வழி இல்லாத இடத்தில், போனஸ் கோரிக்கையோடு பதவி உயர்வுக் கோரிக்கையும் சேர்ந்தே வர வேண்டும்.

தலித் கிறிஸ்தவர்களின் நிலை இன்னும் கொடுமை. 1950 குடியரசுத் தலைவர் ஆணையும், புதுச்சேரிக்கான 1964 ஆணையும் அவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றன. பட்டியல் சாதி இட ஒதுக்கீட்டில் அரசுப் பணிக்குப் போகும் கதவு அடைபட்டதால், ஒப்பந்தக் கூலி வேலைக்குத் தள்ளப்படுபவர்கள் அவர்களில் ஏராளம். தன் பண்டிகையை அலுவலகமே கொண்டாடும் நாளில், தனக்கு விடுமுறை இல்லாமல் குப்பைத் தொட்டியைக் காலி செய்கிறார் ஒரு கிறிஸ்தவத் தாய்.

இதே புதுச்சேரியில் அவர்களின் முன்னோர் செய்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745 அக்டோபரில், நம் மக்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய பாதிரியாரிடம் நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறிஸ்தவர்கள் அதற்கு எதிராகக் கிளம்பியதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்த மக்கள் பண்டிகைக்குப் புதுத்துணி கேட்கவில்லை. ஒரே கூரையின் கீழ் ஒரே இடம் கேட்டார்கள்.

அப்படியானால் கேக்கை மறுக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. குழந்தைக்குக் கொண்டுபோகலாம் என்று கேக்கை முந்தானையில் முடிந்துகொள்ளும் தாய்க்குச் சுயமரியாதை வகுப்பு எடுக்கும் உரிமை நமக்கு இல்லை. வாசலில் நின்று காசு கேட்கும் தூய்மைப் பணியாளரை ‘கையேந்தாதே’ என்று கண்டிக்கவும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர். அவருடைய போனஸை விழுங்கியவர். அரிஜன சேவா சங்கத்தின் தானதருமம் தீண்டப்படாதவர்களைச் சார்ந்து வாழ்பவர்களாக்குகிறது என்று அம்பேத்கர் 1945இல் எழுதியபோதும், அவர் குற்றம் சாட்டியது வாங்கியவர்களை அல்ல, கொடுத்தவர்களின் நோக்கத்தை.

அன்பளிப்பில் அன்பே கிடையாதா என்றும் கேட்கலாம். சமமானவர்களுக்கிடையே உண்டு. கடனைத் தீர்த்துவிட்டு அன்பளிப்பைக் கொடுங்கள், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறோம்.

மாணவத் தோழர்களே, இந்த விடுமுறையில் உங்களால் செய்யக்கூடியது இருக்கிறது. உங்கள் தெருவிலும் குடும்பத்திலும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களோடு உட்காருங்கள். சம்பளச் சீட்டு இருக்கிறதா, பி.எஃப். எண் இருக்கிறதா, கான்ட்ராக்டர் பெயர் என்ன, அவரிடம் மொத்தம் எத்தனை பேர், போன ஆண்டு பண்டிகைக்கு என்ன கொடுத்தார்கள், எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடையாள அட்டையையும் வருகைப் பதிவையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தனி ஆளாக மனு கொடுக்க வைத்து ஒருவரின் வேலைக்கு ஆபத்து தேடித் தராதீர்கள். பத்துப் பேர், இருபது பேர் கையெழுத்தோடு, சங்கத்தின் வழியாக, வழுதாவூர் சாலையில் இருக்கும் தொழிலாளர் துறைக்குப் போகட்டும் அந்த மனு. நீங்கள் படிக்கும் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். உங்கள் வகுப்பறையைப் பெருக்குகிறவருக்குப் போனஸ் வந்ததா என்று முதல்வரிடம் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை.

வெண்மணியில் 44 உயிர் போனது அளவு சொல்லிக் கேட்ட கூலிக்காக. நம் மக்களும் அளவு சொல்லியே கேட்கட்டும்: ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், நவம்பர் 30க்குள், வங்கிக் கணக்கில். கேக்கை அதற்குப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

ஜெய்பீம்.